பழைய வெள்ளி ரூபாய், மொத்தம் 64 காசு: எது வெள்ளி, எது போலி? 1939-ஐ நம்பலாமா?

பெட்டிக்காசு (கேள்வி)

வணக்கம். பாகப்பிரிவினையில் 64 காசு கைக்கு வந்திருக்கிறது. எல்லாம் ஒரு ரூபாய் அளவு. ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில்:

1818 (ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம்): 1
1840: 3
1862: 5
1877 முதல் 1901 வரை: 17
1903 முதல் 1910 வரை: 9
1911: 1
1912 முதல் 1920 வரை: 18
1939: 1
1942 முதல் 1945 வரை: 6
1947: 3

நாலு காசில் வளையம் பற்றவைத்த தடம் தெரிகிறது. சிலது கறுத்திருக்கிறது. பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்தவற்றில் பச்சையாகப் பிசுபிசுப்பு. நகைக்கடையில் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு மொத்த எடைக்கு விலை சொன்னார்கள். அப்படிக் கொடுப்பது சரியா? எதை எடுத்து வைக்க வேண்டும்? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? புளி போட்டு விளக்கிவிடலாமா?

---

தங்கசாலை

முதலில் புளியைக் கீழே வையுங்கள். அதைப் பிறகு பேசலாம்.

ஒரே தராசில் போடுவது தவறு. உங்கள் 64 காசில் மூன்று வகை உலோகம் இருக்கிறது.

1835 சட்டப்படி கம்பெனி (கிழக்கிந்தியக் கம்பெனி) ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. சதவீதத்தில் 91.7. இந்த அளவு முதலில் சென்னை ரூபாயில் இருந்ததுதான், பிறகு நாடு முழுவதற்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு தோலா எடையும் இதே 180 கிரெய்ன்தான். நாட்டு மருந்துச் சீட்டில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இந்தக் காசை வைத்துத்தான். ராணி மாறி ராஜா வந்தும், ராஜாக்கள் மாறியும், 1939 வரை இந்தக் கலவையில் கை வைக்கவில்லை. ஒரு காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம்.

1940 முதல் 1945 வரை இரண்டாம் உலக யுத்தகால ரூபாய். எடை அதே 11.66தான், ஆனால் வெள்ளி பாதிதான்: 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். சுத்த வெள்ளி 5.83 கிராம். ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். பழைய காசின் ஓரத்தில் வெறும் பல்வரி (பல் போன்ற குறுக்குக்கோடுகள்) மட்டும் இருக்கும். இதில் பல்வரிக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு காசைச் சுற்றி ஓடும்.

1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. சுத்த நிக்கல். பின்பக்கம் புலி. காந்தத்தில் ‘டக்’ என்று ஒட்டும். அந்த மூன்றையும் தனியே எடுத்துவிடுங்கள்.

எடை போடுவதற்கு 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், 200 கிராம் வரை தாங்க வேண்டும். தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் இல்லையென்றால், தேயாத புது 10 ரூபாய் நாணயம் 7.71 கிராம், 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம். இரண்டையும் வைத்துப் பாருங்கள். பிறகு வெள்ளி ரூபாயை ஒவ்வொன்றாக வைத்து எண்ணைக் குறியுங்கள். நன்றாகப் புழங்கித் தேய்ந்தது 11.4 வரை இறங்கும். தலையில் ஒவ்வொரு முடியும் தெரிகிற காசு 11.2 காட்டினால் சந்தேகப்படுங்கள். எடைக்குக் கூடுதலாக இருப்பது அதைவிட மோசம். வளையம் பற்றவைத்த காசில் ஈயப்பற்று மிச்சம் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடும்.

எடை சரியாக இருப்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. ஜெர்மன் சில்வரில் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பேரில்தான் வெள்ளி) கொஞ்சம் தடிமனாக அடித்தால் எடை ஒத்துவரும். அங்கேதான் தண்ணீர்ச் சோதனை.

ஒரு லேசான பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது, குமிழி குறைவாக வரும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

91.7 வெள்ளி: ஏறத்தாழ 10.3 (தராசு 1.13 காட்டும்)
யுத்தகாலப் பாதி வெள்ளி: 9.5 பக்கம் (1.22)
ஜெர்மன் சில்வர்: 8.6, 8.7 (1.34 அளவில்)

கெடுவது எங்கே என்றால், காசு டம்ளரின் அடியைத் தொட்டால் எண் எகிறும். குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாக வந்து நல்ல காசைப் போலி என்று சொல்லிவிடுவோம். தராசில் 0.01 முன்னே பின்னே போனாலே விடை 0.1 நகரும், அதனால் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டணாக் காசு (1.46 கிராம்) மாதிரிச் சின்னதுக்கு இந்த முறை உதவாது. பத்துக் காசை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டால்தான் ஏதாவது தெரியும்.

நகைக்கடைக் காரட் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது மேல்தோலைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசியதையும் வெள்ளி என்று காட்டிவிடும்.

---

அணாபைசா

உலோகக் கணக்கைத் தங்கசாலை சொல்லிவிட்டார். நான் ஆண்டுக்கு வருகிறேன்.

‘பழசாக இருந்தால் விலை’ என்பது பாதிப்பேர் செய்யும் தப்பு. 1840 காசு 1921 காசைவிடச் சுலபமாகக் கிடைக்கும். 1840 என்று இருப்பது அந்த ஆண்டில் அடித்தது என்றும் அர்த்தமில்லை. அதே ஆண்டைப் பொறித்துப் பல வருஷம் அடித்தார்கள். விக்டோரியா குயின் என்ற எழுத்து தலைக்கு மேல் இடைவெளி இல்லாமல் வளைந்து போகிறதா, இல்லை இந்தப் பக்கம் ஒரு சொல் அந்தப் பக்கம் ஒரு சொல்லாகப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். முதலாவது முந்தையது. 1862-ம் இதே கதைதான். 1874-ல்தான் அந்தந்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்துப் பம்பாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். லென்ஸ் வைத்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், 1862 சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது புள்ளி எத்தனை என்றுதான்.

1877 முதல் எழுத்தில் குயின் (ராணி) போய் எம்ப்ரஸ் (பேரரசி) வரும். உங்கள் 17 காசில் 1894-லிருந்து 1899 வரை ஏதாவது இருக்கிறதா? 1893 ஜூனில் பொதுமக்கள் வெள்ளிக்கட்டி கொண்டுவந்து காசாக மாற்றிக்கொள்ளும் உரிமையை அரசாங்கம் நிறுத்தியது. அதன்பின் ரூபாய் அடிப்பது வெகுவாகக் குறைந்து, 1900, 1901-ல்தான் மறுபடி மலைபோல அடித்தார்கள். அதனால் 1901 தெருவுக்கு நாலு கிடைக்கும், 1890-களின் பிற்பகுதி அப்படிக் கிடைக்காது.

எங்கே அடித்தது என்பதையும் பாருங்கள். எம்ப்ரஸ் காசில் பின்பக்கம் அடியில் ‘பி’ எழுத்து இருந்தால் பம்பாய், ‘சி’ எழுத்தோ ஒன்றுமில்லாமலோ இருந்தால் கல்கத்தா. ஐந்தாம் ஜார்ஜில் எழுத்து இல்லை: அடியில் தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு மேடான புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. தேய்ந்த காசில் இந்தப் புள்ளிதான் முதலில் அழியும். ‘புள்ளி இல்லை, ஆகவே கல்கத்தா’ என்று அவசரப்படாதீர்கள். சென்னை அடையாளத்தைத் தேடாதீர்கள், சென்னை நாணயசாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள்.

1911-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். ராஜாவின் அங்கியில் தொங்கும் யானைப் பதக்கத்தில் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிந்ததில் கலவரமான பேச்சு எழுந்து, காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 94 லட்சம் போல அடித்ததில் 7 லட்சம் அளவுக்கே வெளியே போனது, மற்றதை உருக்கிவிட்டார்கள். 1912-ல் யானையைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்றே பேர். ஒரு விஷயம்: தேய்ந்துபோன 1911-ல் யானையும் தெரியாது, பன்றியும் தெரியாது. ஆனாலும் ஆண்டு 1911 என்றால் அது அந்த வகைதான், வேறு வகை அந்த ஆண்டில் இல்லை.

1912 முதல் 1920 வரை சாதாரணம். 1918-க்குப் பிறகு அடித்ததில் அமெரிக்க டாலர் கலந்திருக்கிறது தெரியுமோ? முதல் உலக யுத்தத்தில் வெள்ளி தட்டுப்பாடாகி, அமெரிக்கா தன் வெள்ளி டாலரில் 25 கோடிக்கும் மேல் உருக்கி விற்றது. அந்த வெள்ளி இங்கே ரூபாயாக வந்தது. விலையில் இதற்கு ஒரு பைசா கூடாது, சும்மா சொல்கிறேன்.

1921, 1922 இருந்தால் நல்லது, உங்களிடம் இல்லை. 1922-க்குப் பிறகு 1938 வரை ரூபாயே அடிக்கவில்லை.

---

கடைவீதி

1818 ராமர் காசைத் தூக்கி ஓரமாகப் போடுங்க. கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே கிடையாது. ராமர், அனுமார், லட்சுமி போட்டு 1616, 1717, 1818-ன்னு எல்லாம் பின்னாடி யாரோ அடிச்ச கோயில் டோக்கன். கம்பெனி ரூபாயில் சாமி படம் வராது. சென்னையில் கம்பெனி அடிச்ச வெள்ளி அரை வராகன், கால் வராகனில்தான் ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் விஷ்ணு இருக்கும், தமிழ் எழுத்தும் இருக்கும். அது வேற ரகம், அளவும் வேற.

இந்த 1818-ஐ வச்சுத்தான் ‘அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் இருக்கு, கோடிக்குப் போகும்’னு ரைஸ் புல்லிங் மோசடி நடக்குது. யாராவது சோதனைக் கட்டணம்னு முன்பணம் கேட்டா நேரா போலீஸ் ஸ்டேஷன்.

இப்போ 1939. அதுதான் இந்தக் கூட்டத்திலேயே விலையுள்ள ஆண்டு. அதனாலதான் அதுலதான் கைவேலையும் ஜாஸ்தி. 91.7 வெள்ளியில் வந்த கடைசி ரூபாய், வெளியே கொஞ்சம்தான் போச்சு. மூணு வகைப் போலி வரும்.

ஒண்ணு, வார்ப்பு. எழுத்து ஓரமெல்லாம் சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும், தரையில் ஊசிக்குத்து மாதிரிக் குழி இருக்கும், ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். ரெண்டாவது, மட்ட உலோகத்தில் புது அச்சு செஞ்சு அடிச்சது. தண்ணியில் மாட்டிக்கும். மூணாவதுதான் கெட்டிக்காரன் வேலை: அசல் 1938 காசை எடுத்து கடைசி 8-ஐ 9 ஆக்குறது. அது எடையிலும் ஜெயிக்கும், தண்ணியிலும் ஜெயிக்கும், ஓரத்திலும் ஜெயிக்கும், ஏன்னா காசு அசல்தான், ஆண்டுதான் பொய். அதுக்கு 10 மடங்கு லென்ஸ் வேணும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்ச்சுப் பிடிச்சு, ஆண்டில் இருக்கிற முதல் 9-ஐயும் கடைசி 9-ஐயும் ஒப்பிடுங்க. வால் வளைவு, தடிமன், உயரம் மூணும் ஒத்துப் போகணும். எண்ணைச் சுத்தித் தரை மத்த இடம் மாதிரியே இருக்கணும். அங்க மட்டும் பளபளன்னு வழவழப்பாவோ, ஒரே திசையில் கீறலாவோ இருந்தா சுரண்டியிருக்கான்.

ஓரத்தில் பள்ளக்கோடு இருக்கிற 1939 காட்டினா பேசவே வேண்டாம், அது யுத்தகாலக் காசை மாத்தினது.

விக்கிறதுக்குக் கணக்கு சுலபம். அன்றைக்குச் சுத்த வெள்ளி கிராம் விலையை 10.69-ஆல் பெருக்குங்க. கிராம் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா காசு ஒண்ணுக்கு 1,069. யுத்தகாலக் காசுக்கு 583. தேய்ந்த காசுன்னா அதோட நிஜ எடையை 0.917-ஆல் பெருக்கி அப்புறம் விலை போடுங்க. நகைக்கடை இதுக்குக் கீழதான் கேட்பாங்க, உருக்குற கூலி கழிப்பாங்க. சேகரிக்கிறவங்க இதுக்கு மேல கொடுக்கணும். சாதாரண ஆண்டு, தேய்ந்த காசு, வளையம் வச்ச காசு எல்லாம் வெள்ளி விலையை ஒட்டியேதான் போகும். காசுமாலையிலிருந்து கழட்டின காசில் வளையம் பற்றவச்ச இடத்தை ராவி மறைச்சிருப்பாங்க, ஓரத்தில் 12 மணி இடத்தில் பல்வரி அழிஞ்சிருக்கான்னு பாருங்க. அதை நல்ல காசுன்னு யாருக்கும் வித்துடாதீங்க. சராப்பு (காசைச் சோதிச்சு மாத்திக் கொடுக்குற வியாபாரி) குத்தின முத்திரை இருந்தாலும் விலை இறங்கும்.

---

தங்கசாலை

கழுவும் விஷயம். புளி, எலுமிச்சை, திருநீறு, பல்பொடி, நகைக்கடைத் திரவம் எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அதற்கு அடியில்தான் அச்சு அடித்தபோது விழுந்த மினுக்கு இருக்கிறது. அமிலம் படலத்தோடு அதையும் தின்றுவிடும். பொடி தேய்த்தால் ஆயிரம் கீறல். அப்புறம் எவ்வளவு நல்ல ஆண்டாக இருந்தாலும் ‘கழுவின காசு’ என்ற பேர்தான்.

பச்சைப் பிசுபிசுப்பு வேறு. அது ஆல்பத்தின் பி.வி.சி. பிளாஸ்டிக் சிதைந்து, காசிலுள்ள செம்பைத் தாக்கியது. அதை விட்டுவைக்கக் கூடாது, போகப்போகக் குழி விழும். ரசாயனக் கடையில் கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிப்பானில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், ஆகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றி 15 நிமிஷம் ஊறவிட்டு, வேறு புது அசிட்டோனில் ஒரு முழுக்கு, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர். தேய்க்காமல் டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. அசிட்டோன் கறுப்பைத் தொடாது, அதுதான் நமக்கு வேண்டியதும்.

வைக்க, மைலார் (பி.வி.சி. இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டை உறை வாங்குங்கள். ரூபாய் 30.5 மி.மீ. அகலம், 32.5 துளை சரியாக இருக்கும். ஸ்டேப்ளர் பின்னைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் அது பக்கத்துக் காசைக் கீறும். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கற்பூரம், அந்துருண்டை எதுவும் அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது. கடலோர ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

---

அணாபைசா

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் முறையை விட்டுவிட்டாரே. தேய்ந்துபோன 1918-க்கு அது கெடுதல் இல்லை. கீறல் விழாது.

---

தங்கசாலை

கீறல் விழாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளுத்துப்போன சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும், ஆறு மாதத்தில் திட்டுத்திட்டாக மறுபடி கறுக்கும். வெள்ளி விலைக்குப் போகிற காசைப் பளபளப்பாக்கி என்ன லாபம்? செய்வதானால் வளையம் வைத்த நாலில் ஒன்றில் செய்து பார்க்கட்டும்.

சட்டம் ஒன்று. நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். அரசு அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துப்போகவோ முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கடைசியாக 1922, ஆகவே அவை எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிட்டன. வெளிநாட்டு உறவினருக்குப் பார்சலில் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெட்டியில் இருந்தது என்பதால் புதையல் சட்டம் உங்களைத் தொடாது. மண்ணிலிருந்து எடுத்தது, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் மட்டும் 1878 சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

---

பெட்டிக்காசு

எல்லாருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன்.

1947 மூன்றும் காந்தத்தில் ஒட்டின. யுத்தகாலம் ஆறும் 1.21, 1.22. மற்றதில் பெரும்பாலும் 1.11-லிருந்து 1.13 வரை. 1862-ல் ஒன்று மட்டும் எடை 11.20, தண்ணீரில் 1.30. மூன்று தடவை எடுத்தும் அதே எண்.

1897 ஒன்று இருக்கிறது, அடியில் ‘பி’ தெரிகிறது.

1939: எடை 11.63, தண்ணீரில் 1.13. ஓரத்தில் பள்ளக்கோடு இல்லை. லென்ஸில் பார்த்தால் முதல் 9-இன் வால் நன்றாகச் சுருண்டு பந்து மாதிரி முடிகிறது, கடைசி 9-இன் வால் மெலிந்து சட்டென்று நிற்கிறது. அதன் இடதுபக்கம் கீழே தரை மட்டும் கண்ணாடி போல இருக்கிறது.

---

கடைவீதி

1862: 11.20-ஐ 1.30-ஆல் வகுத்தா 8.6. ஜெர்மன் சில்வர். அந்தக் காலத்துக் கள்ளக்காசாவும் இருக்கலாம், இப்போ அடிச்சதாவும் இருக்கலாம், எப்படியும் வெள்ளி இல்லை.

1939: 11.63-ஐ 1.13-ஆல் வகுத்தா 10.29. வெள்ளி அசல். நீங்க சொல்ற இடதுபக்கக் கீழ்த் தரைதான் 8-இன் கீழ்வட்டம் இருந்த இடம். அதோட இடது பாதியைச் சுரண்டித்தான் 9 ஆக்கியிருக்கான். 1938 காசு, அதுவும் ரிப்பேர் செஞ்சது. வெள்ளி விலைக்குத்தான் போகும். உறை மேல ‘1938, ஆண்டு திருத்தியது’ன்னு பேனாவால் எழுதி வைங்க, இல்லேன்னா உங்க கையிலிருந்து போன பிறகு மறுபடி 1939 ஆகிடும்.

---

அணாபைசா

1897 பம்பாயை மொத்தத்தில் போட்டுவிடாதீர்கள். தலையும் ஆண்டும் தெரிய இரண்டு பக்கமும் படம் போடுங்கள், விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கிரீடத்து மணிகளும் உடையின் பூவேலையும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.